போட்டாச்சு

என் கணவர் நல்ல மருத்துவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், போகப் போகச் சொல்ல வாய் வராமல் போகலாம். நானும் அதே அவசர சிகிச்சைத் துறைதான். ஒரே வார்டில் தினமும் சண்டை போட்டு, கடைசியில் கல்யாணத்தில் கொண்டுபோய் முடித்துக்கொண்டோம். மனிதருக்கு ஒரே ஒரு பலவீனம். யாராவது கொஞ்சம் புகழ்ந்துவிட்டால் போதும், வெயிலில் வைத்த வெண்ணெய் ஆகிவிடுவார். எனக்கு அந்தப் பலவீனம் கிடையாது என்று அந்த ஊருக்குப் போகும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

இருவரும் விடுப்பு எடுத்துக்கொண்டு கடல் தாண்டிப் போய், சம்பளம் வாங்காமல் அவசர சிகிச்சை சொல்லிக்கொடுக்கப் போகிறோம் என்றபோது எங்கள் மகள், "நம்ம வீட்டு மாடிப்படி பல்பை மாத்த ஆறு மாசமா ஆள் இல்ல. அங்க போய் உயிரைக் காப்பாத்தப் போறீங்களாக்கும்" என்றாள். சிரித்து மழுப்பிவிட்டுக் கிளம்பினோம்.

போன இடத்திலும் நம் பேச்சுதான் பேசினார்கள், அதனால் ஒட்டிக்கொள்ள நாளாகவில்லை. அவசர சிகிச்சைப் பிரிவு என்று வாசலில் பெரிய பலகை இருந்தது. உள்ளே ஒரு நீளக் கூடம். கட்டில்களுக்கு நடுவே திரைக்கம்பி இருந்தது, திரை இல்லை. ஆக்சிஜன் சிலிண்டரைச் சங்கிலி போட்டு ஜன்னல் கம்பியில் கட்டியிருந்தார்கள். கூடத்தை ஒட்டி, பழைய எக்ஸ்ரே படங்கள் அடுக்கிவைத்திருந்த அறையைக் காலி செய்து எங்களுக்குப் பயிற்சிக்குக் கொடுத்தார் கண்காணிப்பாளர். அந்த மருத்துவமனைக்கே தலைவர் அவர். இப்படி ஒரு பயிற்சி வேண்டும் என்று நாலு இடத்தில் கெஞ்சிக் கூத்தாடி எங்களை வரவழைத்தவரும் அவர்தான்.

நாங்கள் கையோடு ஒரு ரப்பர் பொம்மை கொண்டுபோயிருந்தோம். ஆள் உயரம், ஆள் கனம். அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தது மின்னல்.

"பின்ன என்ன மேடம், நாள் பூரா காலை நீட்டிப் படுத்திருக்காரு. பத்துப் பேர் சுத்தி நின்னு பணிவிடை பண்றோம். வாயைத் தொறந்து ஒரு வார்த்தை நல்லதா வருதா? மாப்பிள்ளைதான் இவரு."

மின்னல் என்பதும் பட்டப்பெயர்தான், என் கணவர் வைத்தது. அந்தப் பிரிவின் மூத்த நர்ஸ் அவள். மூத்தவள் என்றாலும் வேலை இன்னும் ஒப்பந்தத்தில்தான். வருடாவருடம் புதுப்பித்துப் புதுப்பித்து ஓடிக்கொண்டிருந்தது, இந்த வருடம் நிரந்தரமாகிவிடும் என்று காத்திருந்தாள். வீட்டில் மாமியாரிடம்கூடச் சொல்லிவிட்டாளாம். "கிடைக்கலன்னா அந்தம்மா முகத்துல எப்படி முழிப்பேன்னு தெரியல மேடம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள்.

நாங்கள் சொல்லிக்கொடுத்ததில் முக்கியமானது ஒன்றுதான். ஆபத்தில் ஒரு நோயாளி வந்தால் ஆளுக்கொரு பக்கமாக ஓடுவார்கள், யார் எதைச் செய்தார் என்று யாருக்கும் தெரியாது. அதனால் ஒருவர் மட்டும் கட்டளை சொல்ல வேண்டும். செய்பவர் செய்து முடித்ததும் எல்லோருக்கும் கேட்கும்படி பதில் சொல்ல வேண்டும். நல்ல முறை, உலகம் முழுக்க நடப்பதுதான். ஆனால் எங்களிடம் இருந்தது ரப்பர் மாப்பிள்ளை. அவருக்கு ஊசி இறங்காது. மருந்துக் குப்பிகளைப் பயிற்சிக்கு உடைத்து வீணாக்கும் வசதியும் அந்த மருத்துவமனைக்கு இல்லை. அதனால் வாயால் சொன்னால் போதும் என்று வைத்துக்கொண்டோம். "அட்ரினலின், தொடையில!" என்று ஒருவர் சொல்வார். "போட்டாச்சு!" என்று மின்னல் சொல்வாள். பொம்மையின் தலைமாட்டில் காகிதத்தோடு நிற்கும் நான் உடனே, "பிரஷர் ஏறுது" என்று அறிவிப்பேன். அந்த வார்த்தை காதில் விழுந்ததும் என் வாயில் பிரஷர் ஏறிவிடும். மாப்பிள்ளை பிழைத்துக்கொள்வார்.

இரண்டு அணியாகப் பிரித்துப் போட்டியும் வைத்தோம். எந்த அணி சீக்கிரம் சொல்கிறதோ அதற்குக் கைதட்டல். மின்னலின் "போட்டாச்சு" கட்டளை முடிவதற்குள் வந்து நிற்கும். என் கணவர் பூரித்துப்போவார். நானும்தான். ஒரு தடவை தொடைப் பக்கம் கையைக்கூடக் கொண்டுபோகாமல் அவள் சொன்னதை நான் பார்த்தேன். வேகம் கெட்டுவிடுமே என்று விட்டுவிட்டேன்.

ஒரு நாள் மத்தியானம் எதிர்த் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் பெண்ணை அவள் கணவர் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். விரலில் ஊசி ஏறிச் சீழ் பிடித்து, வெளிநோயாளிப் பிரிவில் மருந்து ஏற்றியிருக்கிறார்கள். அது உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நடைபாதையிலேயே முகம் வீங்கி, மூச்சு விசிலடிக்க ஆரம்பித்துவிட்டது. இதற்கு முதல் மருந்தே அட்ரினலின்தான். தொடையில் குத்தினால் பெரும்பாலும் சில நிமிடங்களில் ஆள் திரும்பிவிடும், தாமதித்தால் போய்விடும்.

நாங்கள் கை வைக்கவில்லை. அவர்களே செய்யட்டும் என்று கட்டில் காலடியில் நின்றோம். இரவு பகலாக அங்கே வேலை பார்க்கிற இளம் டியூட்டி டாக்டர் கட்டளை சொல்ல ஆரம்பித்தார்.

"ஆக்சிஜன்!"

"வெச்சாச்சு!"

"அட்ரினலின், தொடையில!"

"போட்டாச்சு!"

"டிரிப் வேகமா!"

"ஓடுது டாக்டர்!"

என் கணவர் என் முழங்கையைக் கிள்ளினார். "கேட்டியா? பாட்டு மாதிரி இருக்கு." நானும் தலையாட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டிருந்தால்கூட அவ்வளவு கேவலமாக இருந்திருக்காது. கண்ணைத் திறந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தோம். எதிரே தட்டில் குப்பி இருந்தது. பார்க்கவில்லை.

பிரஷர் ஏறவில்லை. அந்தப் பெண்ணின் உதடு நீலம் பாரித்தது. டியூட்டி டாக்டர் மேற்கொண்டு ஏதேதோ கேட்டார், எல்லாவற்றுக்கும் பதில் வந்தது, பிரஷர் மட்டும் இறங்கிக்கொண்டே போனது. இரண்டாவது ஊசி போடச் சொன்னார். மின்னல் தட்டின் பக்கம் திரும்பினாள். இரண்டு குப்பிகள் எடுத்து வைத்திருந்தாள். இரண்டும் முழுசாக இருந்தன.

"ஐயோ, போடல!" என்று கத்தினாள். "டாக்டர், மொத ஊசியே நான் போடல!"

கத்திக்கொண்டே குப்பியை உடைத்தாள், உறிஞ்சினாள், குத்தினாள். அவள் வாயை மூடிக்கொண்டு ஒரு குப்பியைச் சட்டைப் பைக்குள் தள்ளியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. மருந்து போட்டும் கேட்கவில்லை, இரண்டாவதில்தான் கேட்டது என்று எழுதி முடித்திருப்பார்கள். அது அவளுக்குத் தோன்றக்கூட இல்லை.

தையல்காரப் பெண் பிழைத்தாள். ஆனால் சும்மா எழுந்து வீட்டுக்குப் போக வேண்டியவள், தொண்டையில் குழாயோடு செயற்கை மூச்சு இயந்திரத்தில் கிடந்துதான் எழுந்தாள். குழாயை எடுத்ததும், யாருடைய சட்டையோ பாதித் தையலில் நிற்கிறது என்று கவலைப்பட்டாளாம். அவள் கணவர் எங்களைத் தேடி வந்து, "நீங்க வந்த நேரம் எங்களுக்கு நல்ல நேரம்" என்றார். என் கணவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் புன்னகைத்தேன்.

கண்காணிப்பாளர் எங்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மின்னலின் ஒப்பந்தத்தை இந்த மாதத்தோடு முடித்துக்கொள்ளப் போவதாகச் சொன்னார். கொடுமைக்காரர் இல்லை அவர், சொல்லும்போது அவர் குரலே கரகரத்தது. "போடாத ஊசியைப் போட்டேன்னு சொல்ற நர்ஸை நான் எப்படி சார் அவசர வார்டுல வெச்சுக்கறது? நாளைக்கு எதைத்தான் நம்பறது?"

"தப்பு எங்க மேலதான்," என்றார் என் கணவர். "சொன்னா போதும்னு பழக்கினதே நாங்கதான். வாய் முந்திக்கிச்சு. அவங்க பொய் சொல்லல."

அதைச் சொல்ல வைக்க முந்தைய நாள் முழுக்க நான் அவரோடு மல்லுக்கு நின்றிருந்தேன். சொன்னதும் எனக்கு மூச்சு வந்தது.

கண்காணிப்பாளர் எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தார். "இது உங்க பெருந்தன்மை சார். வந்த இடத்துல யாரு இப்படிப் பழியைத் தூக்கித் தன் தலைமேல போட்டுக்குவா?"

"பெருந்தன்மை எல்லாம் இல்ல..."

"சரி சார், நேராவே கேக்கறேன். பழக்கத்துல யாருக்கும் வரும்னு சொல்றீங்க. உங்களுக்கு வருமா?"

என் கணவர் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "எனக்கு வராது," என்றார்.

"அதான் சார் வித்தியாசம்," என்றார் கண்காணிப்பாளர். "ஒண்ணு பண்ணலாம். கடைசி நாள் எல்லாரையும் கூட்டறேன். நீங்களே நர்ஸ் இடத்துல நின்னு செஞ்சு காட்டுங்க. நிஜக் குப்பி, நிஜ ஊசி. ஒழுங்கா செஞ்சா தப்பு வராதுன்னு எங்க ஆளுங்க கண்ணால பாக்கட்டும். அந்தப் பொண்ணும் பாக்கட்டும். எனக்கும் மனசு உறுத்தாது."

வெளியே வந்ததும் நான் பிடித்துக்கொண்டேன். "ஏங்க, எனக்கு வராதுன்னு எதுக்குச் சொன்னீங்க? அந்த ஒரு வார்த்தையில அவ வேலை போச்சு."

"கேட்டா என்ன சொல்றது? எனக்கும் வரும்னா, அப்புறம் எதுக்குய்யா இவ்வளவு தூரம் வந்தேன்னு கேக்க மாட்டாரா?"

"கேக்கட்டுமே. நியாயமான கேள்விதானே?"

"உனக்கு வருமா? சொல்லு பாப்போம்."

எனக்கும் வராது என்றுதான் நினைத்தேன். அதனால் வாயை மூடிக்கொண்டேன். தங்கியிருந்த அறைக்குப் போனோம். அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டார். மனிதர் வருத்தத்தில் இருந்தால் இஸ்திரி போட மாட்டார்.

கடைசி நாள் அந்த எக்ஸ்ரே அறையில் நிற்க இடமில்லை. நர்ஸ்கள், டாக்டர்கள், ஆம்புலன்ஸ் ஓட்டுநர்கள், மருந்தகத்து ஆட்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் தொடையில் கனமான ஸ்பாஞ்சைக் கட்டியிருந்தோம், ஊசி நிஜமாகவே இறங்குவதற்கு. தட்டில் உறை பிரிக்காத ஊசி, பக்கத்தில் உப்புத் தண்ணீர்க் குப்பி. டியூட்டி டாக்டர் கட்டளைக்கு. நான் வழக்கம்போலத் தலைமாட்டில். மின்னல் கடைசியில், சுவரோரம், கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஒரு நாளில் ஆள் இளைத்துப்போனது மாதிரி இருந்தது.

டியூட்டி டாக்டருக்கு அவ்வளவு பேரைப் பார்த்ததும் பதற்றம். கட்டளைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. என் கணவர் இடது கையால் குப்பியை எடுத்தார். அதற்குள் ஆக்சிஜன் கேட்டார்கள். குப்பியைக் கைக்குள் மூடிக்கொண்டு வலது கையால் மாஸ்க்கை வைத்தார்.

"வெச்சாச்சு!"

"அட்ரினலின், தொடையில!"

"போட்டாச்சு!"

"பிரஷர் ஏறுது," என்றேன் நான்.

சொன்ன பிறகுதான் தட்டைப் பார்த்தேன். ஊசி உறைக்குள் இருந்தது. என் கணவரைப் பார்த்தேன். அவர் தன் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருட அனுபவம், இவ்வளவு பேர் முன்னால், இதற்காகவே நின்ற இடத்தில், வாய் அதன் பாட்டுக்குச் சொல்லிவிட்டது. என் வாயும் அதன் பாட்டுக்கு ஒத்து ஊதிவிட்டது.

கூட்டத்தில் ஒருவரும் கவனிக்கவில்லை. எல்லோர் கண்ணும் மாப்பிள்ளையின் முகத்தில். டியூட்டி டாக்டர் அடுத்த கட்டளைக்குப் போய்விட்டார். அந்த நேரத்தில் நிறுத்தியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். அவர் நிறுத்தவில்லை. கடைசிக் கட்டளைவரை எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். சொல்லிக்கொண்டே இடது கையைக் கோட்டுப் பைக்குள் விட்டார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பக்கத்தில் கிடந்த பஞ்சுத் துணியை எடுத்துத் தட்டின்மேல் போட்டேன். பிரிக்காத ஊசி யார் கண்ணிலும் படக்கூடாது என்று. யாரும் என்னிடம் போடச் சொல்லவில்லை. நான் யோசித்துச் செய்தேன் என்றும் சொல்ல முடியாது, என் வீட்டு மனிதரின் மானம் என்றதும் கை போய்விட்டது. துணி சரியாக விழுந்ததா என்று பார்த்து ஓரத்தை இழுத்தும் விட்டேன். அது யோசித்துச் செய்ததுதான்.

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. கண்காணிப்பாளர் முன்னால் வந்தார். "பாத்தீங்கல்ல? சொன்னாரு, செஞ்சாரு. ரெண்டுக்கும் நடுவுல ஒரு இடைவெளி இருந்துதா? நாம கத்துக்க வேண்டியது இதான்." பிறகு குரலைத் தாழ்த்தி, "நீயும் பாத்தல்லம்மா?" என்றார் சுவர்ப் பக்கம்.

கூட்டம் வழிவிட்டது. மின்னல் நடந்து வந்தாள். அவள் அழவில்லை. கழுத்தில் மாட்டியிருந்த அடையாள அட்டையைக் கழற்றி மாப்பிள்ளையின் காலடியில் வைத்தாள்.

"நீங்க ஒழுங்காத்தான் சொல்லிக்குடுத்தீங்க சார்," என்றாள் என் கணவரிடம். "நான்தான் உங்க பேரைக் கெடுத்துட்டேன். எனக்காக ஐயாகிட்ட பேசினீங்கன்னும் சொன்னாங்க. மன்னிச்சுக்குங்க. மேடம், நீங்களும்."

 என் கணவரின் இடது கை இன்னும் பைக்குள்ளேயே இருந்தது.  அவர்மேல் வந்த கோபம் பாதி வழியிலேயே திரும்பி என்மேல் வந்து நின்றது. கல்யாணமான நாளிலிருந்து சாவிக்கும் சில்லறைக்கும் கேட்காமல் கை விட்டு எடுத்த பைதான். நடந்து போய் அந்தப் பைக்குள் கையை விட்டேன். அவர் விரல்கள் குப்பியை இறுக்கிக்கொண்டிருந்தன. வேர்த்து வழவழத்தது.

"விடுங்க," என்றேன்.

அவர் விடவில்லை. என் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வெளியே எடுத்தார். எல்லோர் முன்னாலும் உள்ளங்கையை விரித்தார். குப்பியின் கழுத்து உடையாமல் இருந்தது.

நான் திரும்பிப் போய்த் தட்டின்மேல் இருந்த துணியை எடுத்தேன். "இதை மூடினது நான்," என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ மாதிரி கேட்டது.

பின்னால் யாரோ சிரித்து, சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள். கண்காணிப்பாளர் குப்பியைப் பார்த்தார், ஊசியைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். எங்களைப் பார்க்க அவருக்கு வெட்கமாக இருந்தது. கடைசியில் மாட்டிக்கொண்டு, "நீ டியூட்டிக்குப் போம்மா," என்றார். "அந்த ஒப்பந்தப் பேச்சை நான் எடுக்கல. மறந்துடு."

மின்னல் அட்டையை எடுக்கவில்லை. என் கணவரின் கையிலிருந்த குப்பியை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, உள்ளே தண்ணீர் நிறைந்திருப்பதைப் பார்த்தாள். திருப்பி அவர் கையிலேயே வைத்தாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். குறைந்தது கோபமாவது படுவாள் என்று எதிர்பார்த்தேன், அதையாவது வாங்கிக்கொள்ளலாம்.

"சார், நான் அங்கேர்ந்து நடந்து வந்தேனே," என்றாள். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற குரல். "அட்டையைக் கழட்டினேன், மன்னிப்புக் கேட்டேன். அப்பவே ஊசி போடலன்னு ரெண்டு பேருக்கும் தெரியுமா?"

முதல் தடவையாக அந்த அறையில் ஒரு கேள்விக்கு எங்களிடமிருந்து பதில் வரத் தாமதமானது. அவள் காத்திருந்தாள்.

"தெரியும்மா," என்றார் அவர்.

அவள் என் பக்கம் திரும்பினாள். நானும் சொல்லும்வரை அட்டையை எடுக்கவில்லை.